அங்கன்வாடியில் கட்டட வேலை நடக்கிறது, குழந்தையை அனுப்பலாமா?

கேள்வி, 3 மார்ச் 2025

என் மகனுக்கு மூன்று வயது. எங்கள் தெரு அங்கன்வாடியில் புதுக் கழிப்பறையும் சமையலறையும் கட்டுகிறார்கள். குழந்தைகள் பழைய அறையிலேயே இருக்கிறார்கள். சுற்றிப் பச்சை வலை கட்டியாயிற்று, பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் காண்டிராக்டர். வேலை முடிய மூன்று மாதம் ஆகுமாம். வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, நானும் வேலைக்குப் போகிறேன். அனுப்பலாமா? கட்டட வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில், 3 மார்ச், இரவு 9.40

பச்சை வலை தூசிக்குக் கட்டுவது. மேலேயிருந்து சில்லு தெறித்தால் கொஞ்சம் தாங்கும். குழந்தையைத் தடுக்காது. மூன்று வயதுப் பிள்ளை அதைத் திரைச்சீலை மாதிரி தூக்கிவிட்டு உள்ளே போய்விடும்.

நாளைக் காலை நேரில் போய்ப் பாருங்கள். குழந்தைகள் இருக்கும் இடத்திலிருந்து வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து போக ஏதாவது ஒரு வழி இருக்கிறதா? எவ்வளவு சின்ன வழியானாலும் சரி. இருந்தால், அதை அடைக்கும்வரை அனுப்பாதீர்கள்.

நான் திருச்சிப் பக்கம் இருபத்தைந்து வருடமாகச் சைட் சூப்பர்வைசர். இப்போது பார்க்கிற வேலையும் ஓர் அங்கன்வாடிதான். இங்கேயும் கழிப்பறை, சமையலறை. காலையில் விரிவாக எழுதுகிறேன்.

4 மார்ச், காலை 6.15

வலை இருந்த இடத்தில் தகரம் வேண்டும். ஆறடி உயரத்துக்கு நெளித்தகர ஷீட், சவுக்குக் கம்பு நட்டு அடிக்க வேண்டும். கம்பும் குறுக்குச் சட்டமும் வேலை நடக்கும் பக்கம் இருக்கட்டும். குழந்தைகள் பக்கம் சட்டம் வந்தால் அதில் கால் வைத்து ஏறுவார்கள். தகரத்தின் கீழ் ஓரம் கத்தி மாதிரி இருக்கும். அது தரைக்குள் நாலு விரல் புதைய வேண்டும். சிமெண்டுத் தரை என்றால் ஓரம் முழுக்க ஹாலோ பிளாக் அடுக்கி மறைக்க வேண்டும்.

அடைத்த பிறகு முட்டி போட்டுப் பாருங்கள். மூன்று வயதுக் குழந்தையின் கண் தரையிலிருந்து மூன்றடிக்கும் கீழேதான் இருக்கிறது. நேற்று நான் நின்றுகொண்டு பார்த்தபோது எங்கள் அடைப்பில் ஒரு குறையும் தெரியவில்லை. முட்டி போட்டதும் அடிபம்புக்குப் பக்கத்தில் ஒரு சந்து தெரிந்தது, ரப்பர் பந்து போகிற அளவு. பந்து போனால் கை போகும், கைக்குப் பின்னால் உடம்பு போகும். மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் இடைப்பட்ட சந்துதான் மோசம். உடம்பு நுழைந்துவிடும், தலை மாட்டிக்கொள்ளும்.

அந்தச் சந்தை இன்றைக்கு முதல் வேலையாக அடைக்கப் போகிறேன்.

4 மார்ச், இரவு 10

கேட் ஒன்றுதான் என்று எழுதியிருக்கிறீர்கள். எங்களுக்கும் ஒன்றுதான். பெரும்பாலான அங்கன்வாடிகளில் இப்படித்தான் இருக்கும்.

வழியைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரிக்க வேண்டும். எங்கள் இடத்தில் ஜல்லி, எம்-சாண்ட், கம்பி எல்லாம் காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிக்குள் இறங்கிவிடும். எட்டரைக்கு மேல் பத்து வரை, மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை, லாரி தெருவுக்குள்ளேயே வரக்கூடாது. லாரிக்காரர் முதலில் முடியாது என்றார். விடியற்காலை லோடு என்றால் வழியில் நெரிசல் இல்லை என்று அப்புறம் அவரே ஒத்துக்கொண்டார்.

டிப்பர் ரிவர்ஸில் வரும்போது பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் நிற்கிற மூன்றடிப் பிள்ளை டிரைவர் கண்ணில் படவே படாது. கண்ணாடியில் பார்த்துத்தான் வருகிறேன் என்று சொன்னால் நம்பாதீர்கள். பின்னால் ஓர் ஆள் நின்று கைகாட்ட வேண்டும். அவர் நகர்ந்தால் வண்டி நிற்க வேண்டும்.

7 மார்ச், இரவு 11.20

மூன்று நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன்.

2011. ஒரு பிளே ஸ்கூலில் மாடி எடுத்துக்கொண்டிருந்தோம். கீழே குழந்தைகள், மேலே வேலை. ஊர் பெயரும் பள்ளிப் பெயரும் வேண்டாம். முற்றத்தில் எட்டடி ஆழச் சம்ப் ஒன்று, தரைக்குக் கீழே இருக்கிற தண்ணீர்த் தொட்டி. அதன் மூடியில் விரிசல் விட்டிருந்ததால் கழற்றி வைத்துவிட்டு, சென்ட்ரிங் பலகை ஒன்றைக் குறுக்கே போட்டேன். போட்டது நான்தான். பள்ளியில் கேட்டதற்கு, மூடியாச்சு என்று சொன்னேன்.

காலை பதினொரு மணி இருக்கும். கையில் டேப் வைத்து அளந்துகொண்டிருந்தேன். டம், டம் என்று சத்தம். திரும்பிப் பார்த்தால் மஞ்சள் கவுன் போட்ட ஒரு பெண் குழந்தை அந்தப் பலகை மேல் இரண்டு காலையும் சேர்த்துக் குதித்துக்கொண்டிருக்கிறது. கீழே வெற்றிடம் அல்லவா, பறை மாதிரி சத்தம் வந்தது. அந்தச் சத்தம் அதற்குப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு குதிக்கும் பலகை கொஞ்சம் நகர்ந்தது. இந்தப் பக்கம் விளிம்பில் இரண்டு விரல் அளவுதான் உட்கார்ந்திருந்தது. எனக்கும் குழந்தைக்கும் நடுவே பதினைந்தடி.

கத்தியிருந்தால் பயந்து ஓடியிருக்கும், இல்லை இன்னும் வேகமாகக் குதித்திருக்கும். நான் கத்தவில்லை. நிஜத்தைச் சொன்னால், எனக்குக் குரலே வரவில்லை. வாசலில் இருந்த ஆயா பார்த்துவிட்டார். கையில் இருந்த தட்டை நீட்டி, "சாமி, இங்க வா, முட்டை பாரு" என்றார். அவ்வளவுதான். இறங்கி நடந்து போய்விட்டது.

பலகையைத் தூக்கிப் பார்த்தேன். என் மார்பளவு தண்ணீர்.

குழந்தைமேல் ஒரு தப்பும் இல்லை. பலகை சத்தம் போட்டால் எந்தப் பிள்ளையும் குதிக்கும். பலகை அங்கே இருந்ததுதான் தப்பு.

8 மார்ச், காலை

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "அதெல்லாம் எப்போதாவது நடப்பது" என்று போட்டிருக்கிறார். ஐயா, இந்த வருடம் ஜனவரியில் விக்கிரவாண்டியில் ஒரு தனியார் பள்ளியின் கழிவுநீர்த் தொட்டியில் விழுந்து எல்கேஜி குழந்தை இறந்தது. அந்தத் தொட்டிக்கு மூடி இருந்தது, துருப்பிடித்த இரும்பு மூடி. மணப்பாறைக்குப் பக்கத்தில் நடுக்காட்டுப்பட்டியில் 2019 அக்டோபரில் இரண்டு வயதுப் பிள்ளை கைவிட்ட ஆழ்துளைக் கிணற்றுக்குள் போனதைத் தமிழ்நாடே நான்கு நாள் டிவியில் பார்த்துக்கொண்டிருந்தது. எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் போய்விடலாம். அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் யாரும் வெடி வெடிக்கவில்லை.

பலகை, தகரத் துண்டு, சாக்கு, ஹாலோ பிளாக்கில் முட்டுக் கொடுத்த பிளைவுட், இதெல்லாம் மூடி இல்லை. காங்கிரீட் மூடி, அல்லது பூட்டுப் போடுகிற வார்ப்பிரும்பு மூடி. இரண்டு பெரிய ஆட்கள் ஏறி நின்றால் அசையக்கூடாது. அதுவரை சுற்றிலும் தகரம் நிற்க வேண்டும்.

எங்கள் கழிப்பறைக் குழியை இப்படித் திட்டம் போட்டோம். சனிக்கிழமை பிள்ளைகள் போன பிறகு ஜேசிபி. ஞாயிறு காலை உறை இறக்குவது. ஞாயிறு இரவுக்குள் மூடி. திங்கள் காலை பிள்ளைகள் வரும்போது அங்கே குழி என்று ஒன்று இருக்கக்கூடாது. ஜேசிபிக்காரர் ஞாயிறு கல்யாணம் என்று சொல்லி ஒரு வாரம் தள்ளியது. தள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். தோண்டிப் போட்டுவிட்டு ஆளுக்குக் காத்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

11 மார்ச்

மணலை எங்கே கொட்டுகிறார்கள் என்று பார்த்தீர்களா?

முக்கால்வாசி இடங்களில் காம்பவுண்டுச் சுவரில் சாய்த்துத்தான் கொட்டுவார்கள். மணல் பரவாமல் இருக்குமாம். ஒரு யூனிட் என்பது 100 கன அடி, காய்ந்த மணலே நாலரை டன் வரும். மழை பெய்தால் இன்னும் கனக்கும். காம்பவுண்டுச் சுவர் தன் எடையைத் தாங்குவதற்குக் கட்டியது. பக்கவாட்டில் தள்ளினால் அதற்குப் பலம் கிடையாது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 அன்று மழையில் மதில் இடிந்து 17 பேர் இறந்தார்கள். 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள். அதற்குப் பிறகுதான் பழுதான பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கச் சொல்லி அரசு உத்தரவிட்டது.

புதுச் சுவருக்கு வானம், அதாவது அஸ்திவாரப் பள்ளம், தோண்டும்போதும் இதே கதை. பழைய சுவரை ஒட்டி அதன் அடிமட்டத்துக்கும் கீழே தோண்டினால் அதன் காலுக்கடியில் இருக்கிற மண் சரிந்துவிடும். வானம் தோண்டும் நாட்களில் அந்தப் பழைய சுவருக்குப் பக்கத்தில் பிள்ளைகளை உட்கார வைக்கவே கூடாது. எங்கள் டீச்சர் பாயை எதிர்ப்பக்கம் மாற்றிப் போட்டுவிட்டார். சுவரின் உயரம் எவ்வளவோ அதைவிட அதிக தூரம் தள்ளி.

13 மார்ச், மதியச் சாப்பாட்டு நேரம்

புதுச் சமையலறை கட்டுகிறார்கள் என்றீர்களே, அதுவரை சமையல் எங்கே?

இதை யாருமே கேட்பதில்லை. எங்கள் இடத்திலும் ஒருவர் ரொம்ப நல்ல மனசோடு, "மூணு மாசம்தானே, ஓரமா ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுத் தர்றேன்" என்று வந்தார். நான் கும்பகோணம் என்று ஒரு வார்த்தைதான் சொன்னேன். அவர் மேற்கொண்டு பேசவில்லை. 2004 ஜூலை 16. ஒரு பள்ளியில் 94 குழந்தைகள் தீயில் இறந்தார்கள். சமையல் கூடத்தில் பிடித்த தீ, கூரை கீற்று. அன்று நான் பாபநாசத்தில் ஒரு வீட்டு வேலையில் இருந்தேன். மத்தியானத்துக்குள் வேலையாட்கள் எல்லோரும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கிளம்பிவிட்டார்கள், பாதிப் பேருக்கு அங்கே சொந்தக்காரர்கள்.

இப்போது எங்கள் அங்கன்வாடிச் சமையல் இரண்டு வீடு தள்ளி ஒரு பாட்டி வீட்டுத் திண்ணைக்கு உள்ளே இருக்கும் ஓட்டு அறையில் நடக்கிறது. சாப்பாட்டை ஆயா தூக்குச்சட்டியில் கொண்டுவருகிறார். சிலிண்டர் குழந்தைகள் இருக்கும் கட்டடத்திலேயே இல்லை.

14 மார்ச்

அடுத்த வாரம் பூச்சு வேலை ஆரம்பம். கலவை, சுண்ணாம்பு பற்றி.

ஈரக் கலவை பிள்ளைகளுக்குச் சேறு மாதிரிதான் தெரியும். கையை விட்டு அளைவார்கள். சிமெண்டுத் தண்ணீர் தோலை அரிக்கும், சித்தாள்களின் விரல் இடுக்கைப் பார்த்தால் தெரியும். கண்ணில் பட்டால் ஆபத்து. சுண்ணாம்பு அதைவிட மோசம். நீற்றுகிற டிரம் பக்கத்தில் யாரும் வரக்கூடாது. கண்ணில் தெறித்தால் உடனே ஐந்து நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும்.

14 மார்ச், இரவு: திருத்தம்

நர்ஸாக இருக்கும் ஒரு சகோதரி சரியாகக் கண்டித்திருக்கிறார். ஐந்து நிமிடம் போதாது. குறைந்தது இருபது நிமிடம், இமையை விரித்துப் பிடித்து, சுத்தமான தண்ணீரை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இமைக்குள் துணுக்கு இருந்தால் அதையும் எடுக்க வேண்டும். தேய்க்கக்கூடாது, எண்ணெய், தாய்ப்பால் எதுவும் விடக்கூடாது. அப்புறம் நேராகக் கண் ஆஸ்பத்திரி. வலி குறைந்தாலும் போக வேண்டும். மேலே எழுதியதை நம்பிவிட வேண்டாம், இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

இதைப் படித்த பிறகு இருபது லிட்டர் கேன் ஒன்றை மூடியோடு வாசலில் வைத்துவிட்டேன். வேறு எதற்கும் அதைத் தொடக்கூடாது என்று எல்லோரிடமும் சொல்லியாயிற்று.

26 மார்ச்

மேல்தளம் காங்கிரீட் போட்டாயிற்று. ஒரு வாரத்தில், தளத்தைத் தாங்கி நிற்கிற முட்டுக் கம்புகளைப் பிரிக்கலாம். அதுவரை தளத்துக்குக் கீழே யாரும் போகக்கூடாது. காங்கிரீட் நன்றாக இறுக, தளத்தின் மேல் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கியிருக்கிறோம். மாடிப்படி இருக்கும் கட்டடமானால் படிக்கட்டை அடைத்துவிடுங்கள். இரண்டு அங்குலத் தண்ணீர் என்ன செய்யும் என்று நினைக்கக்கூடாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தலைதான் கனம். பெயின்ட் வாளிக்குள் எட்டிப் பார்த்துத் தலைகுப்புற விழுந்தால் தானாக எழுந்துகொள்ளத் தெரியாது. வேலை முடிந்து போகும்போது வாளி, டிரம், கலவை சுமக்கிற பாண்டு எல்லாம் கவிழ்த்து வைத்துவிட்டுப் போவது இங்கே கட்டாயம்.

27 மார்ச்

ஒரு வாரம் என்று பொதுவாக எழுதிவிட்டேன், அது எல்லா இடத்துக்கும் பொருந்தாது. தளத்தின் அகலம் நாலரை மீட்டருக்குள் இருந்தால் ஏழு நாள். அதற்கு மேல் இருந்தால் முட்டு 14 நாள் நிற்க வேண்டும். உத்தரம் இருந்தால் 14 நாளுக்குக் குறையவே கூடாது. எங்கள் சமையலறை பத்தடிதான். உங்கள் இடத்தில் அறை பெரிதானால் அவசரப்படுத்த வேண்டாம். ஜூன் மாதத்துக்குள் திறப்பு விழா வைக்க வேண்டும் என்று யாராவது மேலேயிருந்து நெருக்கினால் அப்போதும் வேண்டாம். தளத்தில் தண்ணீர் தேக்குவதையும் ஏழு நாளோடு விட்டுவிடாதீர்கள். இப்போது கடையில் கிடைப்பது பெரும்பாலும் பி.பி.சி. சிமெண்ட், சாம்பல் கலந்தது. அதற்குப் பத்து நாளாவது வேண்டும்.

பிரித்த பலகைகளில் ஆணி துருத்திக்கொண்டிருக்கும். பலகையைப் பிரித்த ஆளே ஆணியைப் பிடுங்கி டப்பாவில் போட்டுவிட்டுத்தான் அடுத்த பலகையைத் தொட வேண்டும். நாளைக்கு மொத்தமாகப் பிடுங்கலாம் என்று சொன்னால் அந்த நாளை வராது.

2 ஏப்ரல்

கரண்ட் பற்றி இருவர் கேட்டிருக்கிறார்கள்.

கட்டிங் மிஷினுக்குப் பிளக் இருக்காது. ஒயர் இரண்டையும் நேராகச் சாக்கெட்டில் விட்டு, தீக்குச்சி சொருகி இறுக்குவார்கள். தமிழ்நாட்டில் எந்தச் சைட்டுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். நானும் பல வருடம் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தவன்தான். அங்கன்வாடிக்குள் வேண்டாம். குழந்தைகள் அறையிலிருந்து ஒயர் இழுக்கவே விடாதீர்கள். மீட்டர் பலகையில் தனியாக ஒரு சப்ளை எடுத்து, 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் தானாக வெட்டிவிடும் சுவிட்ச்) போட்டு, பிளக் மாட்டித்தான் வேலை. அந்த ஆர்.சி.சி.பி.யில் டெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். தினமும் காலையில் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள், பட்டென்று விழ வேண்டும். எங்கள் எலெக்ட்ரீஷியன் தம்பி மூன்று நாள் முணுமுணுத்தான். நாலாம் நாள் அவனுக்கே ஷாக் அடிக்க இருந்தது, அது விழுந்து காப்பாற்றிவிட்டது. இப்போது அவனே அமுக்கிப் பார்க்கிறான்.

9 ஏப்ரல், இரவு

இன்று ஒரு விஷயத்தில் என் மனது மாறியது. மார்ச் 4 அன்று ஒரு சந்தும் விடாமல் அடைக்கச் சொல்லியிருந்தேன். அடைத்தோம். ஆனால் என்ன ஆயிற்று என்றால், பிள்ளைகளுக்குத் தகரத்துக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் போய்விட்டது. மிஷின் சத்தம் கேட்டால் எல்லோரும் தகரத்தண்டை ஓடுகிறார்கள். காதை வைத்துக் கேட்கிறார்கள். ஒரு பயல் செங்கல் துண்டை எடுத்துத் தகரத்தில் தட்டி, "மேஸ்திரி, கதவைத் தொற" என்று அதட்டுகிறான்.

மேஸ்திரிதான் வழி சொன்னார். தகரத்தில் பிள்ளைகளின் கண் உயரத்தில் ஒரு சதுரம் வெட்டி, நெருக்கமான கம்பி வலை அடித்து, ஓரத்தை மடக்கிவிட்டார். அதிலிருந்து பத்தடிக்குள் எந்த வேலையும் வைப்பதில்லை. தினமும் பத்தரை மணிக்கு, மிஷின் நின்ற பிறகு, டீச்சர் பிள்ளைகளை வரிசையாகக் கூட்டிவருவார். மேஸ்திரி இது கரண்டி, இது ரசமட்டம், இது தூக்குக்குண்டு என்று காட்டுவார். ஐந்து நிமிடம். அதற்குப் பிறகு யாரும் தகரத்தண்டை வருவதில்லை. நாளைக்கு மறுபடி பார்க்கலாம் என்று தெரிந்துவிட்டது அல்லவா.

கூட்டிவருவது எப்படி என்றால், டீச்சர் ஒரு பழைய நூல் புடவையை முறுக்கிக் கயிறாக்கி, முழத்துக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறார். 23 முடிச்சு, 23 பிள்ளை. ரயில் விளையாட்டு. முடிச்சை விட்டால் ரயிலிலிருந்து விழுந்ததாகக் கணக்கு. வெளியே போகும்போது எண்ணுவார், உள்ளே வரும்போது எண்ணுவார், யாரும் பிடிக்காத முடிச்சு இருந்தால் அப்படியே நிற்பார். போன வாரம் பக்கத்து வீட்டில் குப்பை எரித்த புகை வந்தபோது 23 பேரையும் இரண்டு நிமிடத்துக்குள் தெருவில் நிறுத்திவிட்டார். ஒருவரும் அழவில்லை. ரயில் எந்த ஊருக்குப் போகிறது என்பதில்தான் சண்டை.

கேள்வி கேட்ட அம்மாவுக்கு: உங்கள் டீச்சரிடம் இதைச் சொல்லுங்கள். ஒரு பைசா செலவில்லை.

15 ஏப்ரல்

கம்பி கட்டுபவர்கள் பீகார்க்காரர்கள், அவர்களை நம்பி எப்படிப் பிள்ளையை விடுவது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு இது பிடிக்கவில்லை. பிள்ளைக்குக் கெடுதல் செய்கிறவன் எந்த மொழியும் பேசுவான்.

ஒரே ஒரு விதி வையுங்கள், எல்லோருக்கும். டீச்சரையும் ஆயாவையும் தவிர எந்தப் பெரியவரும் ஒரு குழந்தையோடு தனியாக இருக்கக்கூடாது. மேஸ்திரி, காண்டிராக்டர், வந்து பார்க்கிற அதிகாரி, நான், எல்லோரும் இதில் அடக்கம். வேலையாட்களுக்குத் தனிக் கழிப்பறை. குழந்தைகளை போட்டோ எடுக்கக்கூடாது, மிட்டாய் வாங்கித் தரக்கூடாது. மிட்டாய் விஷயத்தில் எங்கள் ஆட்களுக்கு வருத்தம், ஊரில் விட்டுவிட்டு வந்த பிள்ளைகள் ஞாபகம் அவர்களுக்கு. காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள். ஏதாவது தப்பாகத் தெரிந்தால் குழந்தைகள் உதவி எண் 1098.

17 ஏப்ரல், இரவு 10.50

அந்த விதி பற்றி யோசித்துக்கொண்டே இன்று சைட்டுக்குப் போனேன். அப்போதுதான் உறைத்தது. நாற்பத்தைந்து நாளாகத் தகரத்துக்கு இந்தப் பக்கம் இருக்கும் 23 பிள்ளைகளைப் பற்றியே எழுதுகிறேன். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இருக்கிறது.

எங்கள் சித்தாள் ஒருவருடைய மகள், இரண்டே முக்கால் வயது. கள்ளக்குறிச்சிப் பக்கத்துக் குடும்பம். சாரக் கம்பில் கட்டிய தூளியில் காலையில் தூங்குவாள். எழுந்தால் ஜல்லிக் குவியல்மேல் உட்கார்ந்து விளையாடுவாள். அம்மா பாண்டு தூக்கிக்கொண்டு ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே நடப்பார். தினமும் நான் அவளைத் தாண்டித்தான் போகிறேன். "என்ன பாப்பா, சாப்ட்டியா" என்று கேட்பேன், போய்விடுவேன். ஆணி, ஒயர், கலவை, வாளி என்று இங்கே எழுதிய அத்தனைக்கும் நடுவில்தான் அவள் நாள் முழுக்க இருக்கிறாள். கம்பி வலைச் சதுரத்தில் பிள்ளைகள் எட்டிப் பார்க்கும்போது அவளும் அந்தப் பக்கம் நின்று அவர்களைப் பார்ப்பாள்.

கட்டடத் தொழிலாளர் சட்டம் 1996ல் வந்தது. ஐம்பதுக்கு மேல் பெண்கள் வேலை செய்கிற இடத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அறை வேண்டும் என்று அதில் எழுதினார்கள். எங்களிடம் பெண்கள் நான்கு பேர். நாடு முழுக்க நடக்கிற சின்ன வேலைகள் எல்லாம் இப்படித்தான். டெல்லியில் மீரா மகாதேவன் 1969ல் மொபைல் கிரெஷ் என்ற, கட்டட வேலையாட்களின் பிள்ளைகளுக்கான காப்பகத்தைத் தொடங்கியது, காந்தி நூற்றாண்டுக் கண்காட்சிக்கு வேலை நடந்த இடத்தில் தூசிக்குள் கிடந்த பிள்ளைகளைப் பார்த்துத்தான்.

ஆனால் எங்களுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதே இல்லை. தகரத்துக்கு இந்தப் பக்கம் இருப்பதே அங்கன்வாடி.

18 ஏப்ரல்

காலையில் டீச்சரிடம் கேட்டேன். "இதைக் கேக்க இத்தனை நாளா சார்? நானே அந்தம்மாகிட்ட ரெண்டு தடவை சொன்னேன். மேஸ்திரி திட்டுவார்னு பயந்துட்டாங்க" என்றார். ஆதார் அட்டை, ஊர், அதெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பிள்ளையை முதலில் அனுப்புங்கள் என்று அம்மாவிடமும் சொல்லிவிட்டார்.

திட்டுவேன் என்று மேஸ்திரி எப்போதும் சொன்னதில்லை. திட்டமாட்டேன் என்றும் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட.

பாப்பா கையில் ஒரு ஜல்லியைப் பிடித்துக்கொண்டே உள்ளே போனாள். புடவைக் கயிற்றின் கடைசியில் டீச்சர் இன்னொரு முடிச்சுப் போட்டார்.

6 மே

கோடை விடுமுறை 15 நாள். இடிப்பது, சுரண்டுவது, பெயின்ட் எல்லாம் இதற்குள் முடிக்கிறோம். உங்கள் இடத்திலும் இந்த வேலைகளை விடுமுறைக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

பழைய கதவு, ஜன்னல் கம்பிகளில் இருக்கும் எனாமலை உப்புத்தாள் போட்டுத் தண்ணீர் தொடாமல் தேய்க்க விடாதீர்கள். பெயின்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் இருக்கக்கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சில் எவ்வளவு இருக்கும் என்று யார் கண்டார்கள். தண்ணீர் தொட்டுத் தேய்த்து, ஈரத் துணியால் துடைத்து, அந்தத் தூளை மூட்டை கட்ட வேண்டும். தரையில் தவழ்ந்து கையை வாயில் வைப்பது பிள்ளைகள்தானே.

பழைய சமையலறைக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். சுத்தியலால் தட்டி உடைத்துத் தள்ளுவதுதான் வழக்கம். நாங்கள் தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி, முழு ஷீட்டாக இறக்கினோம். ஒரு நாள் கூடுதலாக ஆயிற்று.

இன்னொன்று: பெயின்ட் அடித்த அறையில் வாசம் போகும்வரை பிள்ளைகளைத் தூங்க வைக்கக்கூடாது. கதவு, ஜன்னல் திறந்து நாலைந்து நாள் விடுங்கள்.

கேள்வி கேட்ட அம்மா, அங்கே தகரம் அடித்துவிட்டார்கள் என்று போட்டிருந்தீர்கள். முட்டி போட்டுப் பார்த்தீர்களா?

7 மே

பார்த்தீர்களாம், இரண்டு சந்து இருந்ததாம், மகனே இன்னொன்றைக் காட்டினானாம். நல்ல பிள்ளை. அவனை வைத்துக்கொண்டு தினமும் ஒரு சுற்றுப் பாருங்கள்.

6 ஜூன்

வேலை முடிந்தது. தகரத்தைப் பிரித்த பிறகு முற்றம் சுத்தமாகத்தான் தெரிந்தது. பழைய ஸ்பீக்கரிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தைக் குச்சியில் கட்டி, பிள்ளைகள் விளையாடுகிற மணலில் ஒரு ஓரத்திலிருந்து சாணுக்குச் சாண் இழுத்துக்கொண்டே போனோம். ஆணி, கட்டுக்கம்பித் துண்டு, பிளேடு சில்லு என்று அரைப் படி வந்தது. எல்லாம் பெருக்கி அள்ளியாயிற்று என்று மேஸ்திரியும் நானும் சொல்லிக்கொண்ட இடத்தில். மறுநாள் திரும்ப இழுத்தோம், இன்னும் ஏழு. மூன்றாம் நாள் ஒன்றும் இல்லை. அதற்கப்புறம்தான் பிள்ளைகளை விட்டோம்.

கழிப்பறைத் தொட்டிக்குப் பூட்டு மூடி. ஒரு சாவி டீச்சரிடம், ஒன்று ஆயாவிடம்.

21 ஜூன்

பாப்பா எப்படி இருக்கிறாள் என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். அவள் குடும்பம் இப்போது பெரம்பலூர் பக்கம் வேறு வேலைக்குப் போய்விட்டது. நேற்று அவள் அம்மா போன் செய்தார். அங்கேயும் அங்கன்வாடி இருக்கிறது, ஒரு கிலோமீட்டர் தூரம், சேர்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் இவருக்கு வேலை காலை எட்டு மணிக்கு ஆரம்பம். பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வர ஒன்பதரை ஆகிவிடும், மேஸ்திரி ஒத்துக்கொள்ளவில்லை, அதனால் இப்போது சைட்டில்தான் இருக்கிறாள். அந்த மேஸ்திரியிடம் நான் பேசிப் பார்க்கிறேன். காலையில் ஒன்றரை மணி நேரம் பிள்ளையை வைத்திருந்து அங்கன்வாடியில் விடக்கூடியவர்கள் பெரம்பலூரில் யாராவது இருந்தால் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள், இடத்தைச் சொல்கிறேன். திங்கட்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது. அங்கே தளம் போடப் போகிறார்கள்.